பனியில் ஏறும் கார், பனியில் நிற்குமா?

இன்னைக்கு எபிசோட் கார் ரிவ்யூ இல்லை, வரலாறுதான். ஆனா ஒரு கேள்வியில் இருந்து ஆரம்பிக்கிறேன். பனி கொட்டுற நாடுகளில் இருக்கிற நம்ம நண்பர்கள் சிலர், ஒரு விலையுயர்ந்த ஃபோர் வீல் டிரைவ் கார் வாங்கின கையோடு, "இனிமே பனியைப் பத்திக் கவலையே இல்லை" என்று சொல்வதைக் கேட்டிருப்பீங்க. இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? அதில் எவ்வளவு உண்மை இருக்கு? தப்பாப் புரிஞ்சுக்கிட்டா உயிர் போகக்கூடிய விஷயம் என்பதால் கொஞ்சம் நிதானமாவே பார்ப்போம்.

இந்த நம்பிக்கைக்கு ஒரு முகம் கொடுக்கணும்னா, 1986-ல் வந்த ஆடி விளம்பரத்தைச் சொல்லலாம். ஃபின்லாந்தில் கைப்போலா என்கிற ஊர். அங்கே பனிச்சறுக்கு வீரர்கள் தாவிக் குதிக்கிற ஒரு ஸ்கை ஜம்ப் தளம். சரிவு 80 சதவீதம். அதாவது பத்து மீட்டர் முன்னால் போவதற்குள் எட்டு மீட்டர் மேலே ஏறியாகணும். அந்தப் பனிச் சரிவில் ஆடி 100 சிஎஸ் க்வாட்ரோ என்கிற செடான் கார் கீழிருந்து மேலே ஏறிப்போகும். ஓட்டியவர் ஹரால்ட் டெமுத் என்கிற ஜெர்மன் ரேலி ஓட்டுநர். இதைப் பார்த்த யாருக்கும், 'இந்தக் காருக்குப் பனியெல்லாம் ஒரு விஷயமே இல்லை' என்றுதான் தோணும்.

இந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தோம் என்று தெரிய, இருபது வருஷம் பின்னால் போகணும்.

டிராக்டர்காரரின் கனவு

மாஸ்ஸி ஃபெர்குசன் டிராக்டரை நம்ம ஊர் வயலில் பார்த்திருப்பீங்க. சென்னையைச் சேர்ந்த டாஃபே நிறுவனம்தான் அதை இங்கே தயாரிக்குது. அந்தப் பெயரில் இருக்கிற ஃபெர்குசன், வட அயர்லாந்தைச் சேர்ந்த ஹாரி ஃபெர்குசன். டிராக்டரில் பேர் வாங்கின பிறகு, சாதாரண சாலைக் கார்களையும் நான்கு சக்கரத்தாலும் ஓட வைக்கணும் என்பது அவர் ஆசை. வேகத்துக்காக இல்லை, வழுக்குற சாலையில் பாதுகாப்புக்காக. அவர் 1960-ல் இறந்துபோனார். அடுத்த வருஷமே அவர் நிறுவனம் உருவாக்கிய பி99 என்கிற ஃபார்முலா ஒன் காரை ஸ்டெர்லிங் மாஸ் ஓட்டி, இங்கிலாந்தின் ஓல்ட்டன் பார்க்கில் ஈரமான பாதையில் ஜெயித்தார்.

அந்தத் தொழில்நுட்பம் சொகுசுக் காருக்குள் வந்தது 1966-ல். ஜென்சன் எஃப்எஃப் என்கிற பிரிட்டிஷ் கார். எஃப்எஃப் என்றால் ஃபெர்குசன் ஃபார்முலா. இதில் என்னைக் கவர்ந்த விஷயம் வேற. நான்கு சக்கரத்துக்கும் சக்தி கொடுத்ததோடு அவங்க நிறுத்தலை. சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் இருக்க, விமானங்களுக்காக டன்லப் உருவாக்கிய மேக்ஸரெட் என்கிற பிரேக் அமைப்பையும் அதே காரில் வைத்தார்கள். இன்னைக்கு ஏபிஎஸ் என்கிறோமே, அதன் முன்னோடி. கார் கிளம்புறதும் நிற்கிறதும் ரெண்டு தனித்தனிப் பிரச்சினை என்று அந்தப் பொறியாளர்களுக்குத் தெரிஞ்சிருந்தது.

ஆனா வியாபாரம் நடக்கலை. அந்த அமைப்பை வைத்து இடது பக்கம் ஸ்டியரிங் கொடுக்க முடியலை. அதனால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரிய சந்தை கிடைக்கலை. விலையும் அதிகம். 1971 வரைக்கும் மொத்தமே 320 கார்கள்தான் செய்தார்கள். ஊர் அதை மறந்துபோச்சு.

ராணுவ ஜீப் கற்றுக்கொடுத்த பாடம்

அடுத்த காட்சி மறுபடியும் ஃபின்லாந்து. 1976-77 குளிர்காலம். ஆடி பொறியாளர்கள் பனியில் கார்களைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். கூடவே ஜெர்மன் ராணுவத்துக்காக உருவாக்கப்பட்ட ஃபோக்ஸ்வாகன் இல்டிஸ் என்கிற ஜீப். அதன் சக்தி வெறும் 75 குதிரைத்திறன். ஆனா அதைவிட அதிக சக்தி கொண்ட ஆடி கார்கள் முன் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டு திணறியபோது, இந்த ஜீப் சுலபமாக முன்னால் போனது. யோர்க் பென்சிங்கர் என்கிற பொறியாளர் அதைக் கவனித்தார். இதே அமைப்பை ஒரு வேகமான சாலைக் காரில் வைத்தால் என்ன? தொழில்நுட்பத் தலைவர் ஃபெர்டினாண்ட் பீஷ் அந்த யோசனையை ஏற்றுக்கொண்டார்.

1978 ஜனவரியில் ஆஸ்திரியாவின் டுராகர் ஹோஹே மலைப்பாதையில் சோதனை. 23 சதவீதம் வரைக்கும் சரிவு, மேலே பனி. சோதனைக் கார் ஏறிப்போனது. சங்கிலி இல்லை, சாதாரண கோடைக்கால டயர்கள்தான். நிர்வாகத்தைச் சம்மதிக்க வைக்க இது ரொம்பவே உதவியது.

ஒரு சிக்கல் மட்டும் பாக்கி. வளைவில் திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் போகணும். ரெண்டையும் இறுக்கமாக இணைத்துவிட்டால், பனியில் தெரியாது, உலர்ந்த சாலையில் கார் தத்தித் தத்திப் போகும். அதனால் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் ஒரு டிஃபரன்ஷியல் வேணும். அதற்கு இடம் கண்டுபிடிக்க, கியர்பாக்ஸுக்குள் இருந்த ஒரு தண்டையே உள்ளீடற்றதாக்கி, அதற்குள் இன்னொரு தண்டை ஓட விட்டார்கள். எடையும் கூடலை, இடமும் அடைக்கலை. 1980 மார்ச்சில் ஜெனீவா கார் கண்காட்சியில் ஆடி க்வாட்ரோ வந்தது. 200 குதிரைத்திறன். 1981 பிப்ரவரியில் ஹன்னு மிக்கோலா அதை ஓட்டி ஸ்வீடன் பனியில் நடந்த உலக ரேலியை ஜெயித்தார். 1982-லும் 1984-லும் தயாரிப்பாளர் உலகப் பட்டம் ஆடிக்கே.

சில நூறு கார்கள் விற்றால் போதும் என்று தொடங்கியது, கடைசியில் 11,452 கார்கள் வரைக்கும் போனது. அதன் பிறகு நான்கு சக்கர சக்தி இல்லாத சொகுசுக் கார் கம்பெனியைத் தேடிக் கண்டுபிடிக்கணும்!

கதையில் விட்டுப்போனது

இதுவரைக்கும் சொன்ன புகழ்பெற்ற காட்சிகளைத் திரும்ப யோசிச்சுப் பாருங்க. ஜீப் முன்னால் போனது. சோதனைக் கார் மலை ஏறியது. செடான் ஸ்கை ஜம்ப் ஏறியது. எல்லாமே கிளம்புறதும் ஏறுறதும்தான். நின்ற கதை ஒண்ணுகூட இல்லை. ஜென்சனில் 1966-லேயே வழுக்கல் தடுக்கும் பிரேக் இருந்தது. 1980-ல் வந்த முதல் க்வாட்ரோவில் ஏபிஎஸ் கிடையாது, சில வருஷம் கழித்துத்தான் வந்தது.

இதற்குப் பின்னால் இருக்கிற இயற்பியல் எளிமையானது. டூ வீல் டிரைவ் கார் பனியில் கிளம்பும்போது ரெண்டு சக்கரத்தின் பிடியை மட்டும்தான் பயன்படுத்துது. ஃபோர் வீல் டிரைவ் நான்கையும் பயன்படுத்துது. வித்தியாசம் பெரிசு, அதை யாரும் மறுக்க முடியாது. ஆனா பிரேக் போடும்போது? ஒரு சாதாரண ஹேட்ச்பேக்குக்கும் நான்கு சக்கரத்திலும் பிரேக் இருக்கு. நிற்கிற விஷயத்தில் எல்லாக் காரும் நான்கு சக்கரக் கார்தான். அங்கே கூடுதலாகக் கொடுத்த காசுக்கு ஒரு மீட்டர்கூட லாபம் இல்லை.

ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் உலர்ந்த சாலையில் அழுத்திப் பிரேக் போட்டால், சுமார் 12 மீட்டரில் கார் நிற்கும். அழுத்தமான பனியில் பிடி அதில் கால் பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். தூரம் நான்கு மடங்கு, கிட்டத்தட்ட 50 மீட்டர். வண்டி ரெண்டு டன் எடையுள்ள எஸ்யூவியாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. ஏபிஎஸ் இருந்தால் பிரேக்கை அழுத்தியபடியே ஸ்டியரிங்கைத் திருப்ப முடியும், அது பெரிய உதவி. ஆனா இல்லாத பிடியை அதாலும் உண்டாக்க முடியாது.

இதில் ஆபத்து என்னன்னா, ஃபோர் வீல் டிரைவ் கார் வழுக்காமல் கிளம்பிடும். அதனால் சாலை எவ்வளவு வழுக்குது என்பதே ஓட்டுறவருக்குத் தெரியாது. சாதாரணக் கார் கிளம்பும்போதே சக்கரத்தைச் சுழற்றி எச்சரிக்கும். சொகுசுக் காரில் அந்தத் தகவல் முதல் பிரேக்கில்தான் கிடைக்கும், அப்போ வேகம் ஏறியிருக்கும்.

ஃபின்லாந்துக்காரர்களின் விடை

அப்போ நிறுத்துறது யாரு? டயர்தான். கோடைக்கால டயரின் ரப்பர் குளிரில் விறைத்துப்போகும். குளிர்கால டயரின் ரப்பர் மென்மையாகவே இருக்கும். அதன் மேல் இருக்கிற நுண்ணிய வெட்டுகள் பனியைக் கவ்விப் பிடிக்கும். இதுவும் ஃபின்லாந்து கதைதான். இன்னைக்கு நோக்கியன் என்கிற பெயரில் இருக்கிற டயர் நிறுவனம், 1934-ல் லாரிகளுக்காகக் குளிர்கால டயர் செய்தது. 1936-ல் கார்களுக்காக ஹக்கபெலீட்டா வந்தது. க்வாட்ரோவுக்கு 44 வருஷம் முன்னாடி!

ஆடிக்காரர்களுக்கும் இது தெரியும். ஸ்வீடன் ரேலியில் ஓடுற கார்களைப் பாருங்க, ஆணி பதித்த ஒல்லியான டயர்கள். 2005-ல் அதே கைப்போலா தளத்தில் ஆடி ஏ6 ஏறிக் காட்டியபோதும் டயர்களில் ஆணிகள் இருந்தன. ஜெர்மனியின் சட்டமும், பனி இருக்கும்போது குளிர்கால டயர் வேணும் என்கிறதே தவிர, ஃபோர் வீல் டிரைவுக்கு விலக்குக் கொடுக்கலை.

அதனால், பனி நாட்டில் இருக்கிற நண்பர்களே, காசு கொஞ்சம்தான் இருக்குன்னா முதலில் டயர் வாங்குங்க. பக்கவாட்டில் மூன்று சிகர மலையும் அதற்குள் ஒரு பனிப்படிகமும் பொறித்த டயரா என்று பாருங்க. நல்ல குளிர்கால டயர் போட்ட சாதாரணக் கார், கோடைக்கால டயரோடு வர்ற சொகுசுக் காரைவிடச் சீக்கிரம் நிற்கும். ரெண்டுமே வாங்க வசதி இருந்தால் சந்தோஷம், ஹாரி ஃபெர்குசன் நினைத்ததும் அதுதான்: கிளம்பணும், நிற்கவும் செய்யணும்.

உங்களுக்குத் தெரிஞ்ச யாராவது பனி நாட்டில் புதுசாகக் கார் வாங்கப் போறாங்கன்னா, இந்த எபிசோடை அவங்களுக்கு அனுப்பி வைங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.