சுவார்ட்ஸ் ஐயரிடம் பயின்ற இருவர்



பிலிப்பியர் 4:9-ஐ வாசிக்கும்போது, சபையார் தம்மிடம் கற்றவற்றோடும் கேட்டவற்றோடும் கண்டவற்றையும் பவுல் அப்போஸ்தலன் சேர்த்துச் சொல்வதைக் கவனித்திருப்பீர்கள். கண்ணால் கண்டதும் பாடமே என்பதற்கு நம் தஞ்சைத் திருச்சபையின் வரலாற்றைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1726-இல் பிறந்த கிறிஸ்தியான் பிரெடெரிக் சுவார்ட்ஸ் ஐயர் 1750-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். திருச்சிராப்பள்ளியில் ஊழியஞ்செய்து, பின்னர் தஞ்சாவூரில் நிலைகொண்டார். ஐதர் அலியின் படையெடுப்பில் காவிரிப் பாசனத்து ஊர்கள் பாழாயின. நெற்களஞ்சியம் என்று பேர்பெற்ற பூமியில் கோட்டைக்குள் மக்கள் பட்டினியால் மடிந்தனர். வெளியே நெல் இல்லாமலில்லை; அதைச் சுமந்துவர மாடுகள் கிடைக்கவில்லை. முன்பு உழைத்ததற்கு ஒழுங்காகக் கூலி பெறாத குடியானவர்கள் அரசாங்கத்தின் வாக்கை நம்பவில்லை. சுவார்ட்ஸ் ஐயர் தாமே பணம் தருவதாக எழுதினார். மாடுகள் வந்தன, நெல் வந்தது. சொன்னபடியே ஒவ்வொருவருக்கும் கூலி கொடுக்கப்பட்டது.

இப்படிப்பட்டவரிடம் இரண்டு பிள்ளைகள் பயின்றார்கள்.

ஒருவர் இளவரசர் சரபோஜி. 1787-இல் துளஜாஜி மன்னர் தாம் தத்தெடுத்த இச்சிறுவனை ஐயரின் கையில் ஒப்படைக்க விரும்பினார். ஆட்சிக்கு வந்த அமர்சிங்கோ பிள்ளையை அடைத்துவைத்து, அவன் கல்வியைப் புறக்கணித்தார். ஐயர் விடாமல் முறையிட்டார். 1793-இல் சரபோஜி சென்னைக்கு அனுப்பப்பட்டு, அங்கே கெரிக்கே ஐயரின் மேற்பார்வையில் கல்வியைத் தொடர்ந்தார். மற்றவர் 1774-இல் திருநெல்வேலிச் சீமையில் பிறந்த வேதநாயகம். ஏறத்தாழப் பன்னிரண்டு வயதில் ஐயரோடு தஞ்சை வந்தவர். பின்னாளில் 'பெத்லகேம் குறவஞ்சி' பாடி நமக்கெல்லாம் சாஸ்திரியார் ஆனவர்.

சரபோஜி ஞானஸ்நானம் பெறவில்லை. 1798-இல் அரியணை ஏறி, 1832-இல் மறையும்வரை இந்து மன்னராகவே வாழ்ந்தார். காசி யாத்திரையும் சென்றார். அப்படியானால் ஐயரின் பிரயாசம் வீண்தானோ என்று சிலர் கேட்பதுண்டு. அக்கேள்வியே எனக்கு உவப்பானதன்று. சரஸ்வதி மகாலைப் பெருநூலகமாக வளர்த்தவரும், தன்வந்திரி மகாலில் மருத்துவ ஆராய்ச்சியைப் பேணியவரும், ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரத்தில் அன்னத்தோடு கல்வியும் வழங்கியவரும் அவரே. ஏழைக் கிறிஸ்தவப் பிள்ளைகள் 50 பேரையும் தம் செலவில் ஆதரித்தார். சிவகங்கைக் கோட்டையில் ஐயர் 1779-இல் கட்டிய ஆலயத்திற்குப் போனால், சிற்பி பிளாக்ஸ்மன் செதுக்கிய பளிங்குச் சிற்பத்தைப் பாருங்கள். மரணப்படுக்கையில் கிடக்கும் குருவின் கையை மன்னர் பற்றிக்கொண்டு நிற்கிறார். அதைச் செய்வித்தவரும் மன்னரேதான்.

நீதியான செயல்களைச் செய்து செய்தே மனிதன் நீதிமானாகிறான் என்று அரிஸ்டாட்டில் கருதினார். வில்லியம் ஜேம்ஸ் 1890-இல் வெளியிட்ட உளவியல் நூலில் பழக்கத்திற்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கினார். 1961-இல் ஆல்பர்ட் பண்டூரா ஸ்டான்போர்டில் சிறுபிள்ளைகளைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினார். பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையை அடித்து உதைப்பதைப் பார்த்த பிள்ளைகள், பின்னர் அவர் இல்லாதபோது அவ்வாறே அடித்தார்கள். சுத்தியலை ஓங்கும் விதங்கூட மாறவில்லை. அடிக்கச் சொல்லி ஒருவரும் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை. பரிசும் இல்லை, தண்டனையும் இல்லை, பார்த்ததே போதுமாயிருந்தது. லூக்கா 6:40-இல் சீஷனையும் குருவையும்பற்றி ஆண்டவர் சொன்னதை அறிந்த நமக்கு இது புதுமையன்று.

ஆனால் பார்த்துக் கற்பது நன்மையை மாத்திரம் கற்பிப்பதில்லை. இங்கேதான் நம் வரலாறு மனதை உறுத்துகிறது.

அந்நாளைய தஞ்சைச் சபையில் வேளாளர் ஒருபுறமும் ஒடுக்கப்பட்ட சாதியார் மறுபுறமும் அமர்ந்தனர். ஒரே கூரை, ஒரே வேதம், ஒரே ஜெபம். நற்கருணைக்கு வருவதில் மட்டும் முன்பின் உண்டு. சுவார்ட்ஸ் ஐயர் இதை விரும்பியவரல்லர். சுவிசேஷ ஒளி பெருகப் பெருக இது தானே கரைந்துவிடும் என்று பொறுத்திருந்தார். அவருடைய பொறுமையை எளிதில் குறைகூற எனக்கு மனமில்லை. கட்டளையால் இருதயங்கள் மாறுவதில்லை என்பதை அவர் அறிந்திருந்தார். எனினும் பிரசங்க பீடத்திலிருந்து அரைமணி நேரம் ஒரு பாடம் ஒலித்தபோது, உட்காரும் இடம் ஆராதனை முழுவதும் வேறொரு பாடத்தை நடத்திக்கொண்டிருந்தது. தாயின் மடியிலிருந்த குழந்தை எதைக் கற்றிருக்கும்?

விடை அடுத்த தலைமுறையில் தெரிந்தது. 1820-களில் இளைய மிஷனெரிமார் இந்தப் பிரிவினையை ஒழிக்க முற்பட்டபோது, சாதி வழக்கத்திற்காக வாதாடி எழுதியவர்களுள் முதன்மையானவர் வேதநாயக சாஸ்திரியார். அரசர் ஆதரித்தும் அவருடைய தெய்வத்தைப் பாட மறுத்த உறுதி படைத்தவர் அவர்; அவர் பக்தியில் ஐயமில்லை. குருவிடம் ஜெபத்தையும் உண்மையையும் தமிழ்ப்பாட்டால் ஊழியஞ்செய்யும் வாஞ்சையையும் கற்றார். குரு பொறுத்துக்கொண்டதை, குரு ஒப்புக்கொண்டதாகவே கற்றுக்கொண்டார். 1833-இல் பேராயர் டேனியல் வில்சன் சாதி வேற்றுமைகளை உடனே விட்டுவிட வேண்டுமென்று உத்தரவிட்டபோது, சென்னை வேப்பேரியிலும் தஞ்சையிலும் திரளானோர் சபையைவிட்டு வெளியேறினர். வேதம் அறியாதவர்களல்லர் அவர்கள். இரண்டு மூன்று தலைமுறையாக ஞானோபதேசம் பயின்ற குடும்பத்தார்.

நம் ஆலயத்தில் இன்று பிரித்துப் போட்ட பாய்கள் இல்லை. எல்லாருக்கும் பொதுவான பெஞ்சுகள். ஆகிலும் நம் பிள்ளைகள் ஓய்வுநாட்பள்ளியில் மனப்பாட வசனம் ஒப்புவித்து வீடு திரும்பியபின், நாம் யாருடைய கலியாண வீட்டில் பந்தியில் அமர்ந்து சாப்பிடுகிறோம், யாருடைய வீட்டில் வாசலோடு வாழ்த்திவிட்டு, வேலையிருக்கிறதென்று சொல்லித் திரும்புகிறோம் என்பதையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.