ஏறி உட்கார ஒரு இரும்பு வண்டி

வருகிற ஏப்ரல் 14-க்கு எங்கள் வட்டத்துத் தோழர்கள் எட்டுப் பேர் சைக்கிளிலேயே மூன்று மாவட்டங்களைச் சுற்றி வருவது என்று முடிவெடுத்தோம். வண்டி பார்க்கக் கடைக்குப் போனால் எடுத்துக் காட்டியதெல்லாம் அலுமினிய வண்டிகள். "வெயிட்டே இல்ல சார், தூக்கிப் பாருங்க" என்றார் கடைக்காரர். தூக்கிப் பார்த்தோம், ஏறி உட்கார்ந்தும் பார்த்தோம். சீட் கத்தி மாதிரி இருந்தது. முதுகு வளைந்து கண் தரையைப் பார்த்தது. கூட வந்த மூத்த தோழர் கேட்டார்: "கான்ஷிராம் இதுலயாப்பா போனாரு?"

சிரித்தோம். ஆனால் கேள்வி சரியானது.

அரசு ஊழியர்களைத் திரட்டிய பாம்செஃப் 1978 டிசம்பர் 6 அன்று தொடங்கப்பட்டது. ஊழியர்கள் வெளிப்படையாக அரசியல் போராட்டத்தில் இறங்க முடியாது. அதனால் 1981-இல் அதே அம்பேத்கர் நினைவு நாளில் டிஎஸ்-4 பிறந்தது. தெருவில் இறங்க ஓர் அமைப்பு கிடைத்தது. ஊர் ஊராகப் போக வாகனம்? காரும் ஜீப்பும் வைத்திருந்த கட்சிகளுக்கு முன்னால் நம் மக்களிடம் இருந்தது சைக்கிள். கான்ஷிராம் தம் பிறந்த நாளான 1983 மார்ச் 15 அன்று தோழர்களோடு சைக்கிளில் கிளம்பினார். 40 நாள், 7 மாநிலங்கள், மூவாயிரம் கிலோமீட்டருக்குக் குறையாத பயணம். வகுத்துப் பாருங்கள், நாளொன்றுக்குச் சராசரி 75 கிலோமீட்டர் வருகிறது. வழியெல்லாம் கூட்டம் போட்டுப் பேசியதும் இதற்குள்ளேதான். அப்போது அவருக்கு வயது 49.

அது போதாதென்று அதே ஆண்டு டிசம்பர் 6 அன்று நாட்டின் ஐந்து மூலைகளிலிருந்து டெல்லி நோக்கி நூறு நாள் பயணம் கிளம்பியது. கார்கில், கோஹிமா, பூரி, போர்பந்தர், நம் கன்னியாகுமரி. அது முடிந்தது 1984 மார்ச் 15. அடுத்த மாதம் 14-ஆம் தேதி பகுஜன் சமாஜ் கட்சி உருவானது. இந்திய அரசியல் வரலாறு எழுதுகிறவர்கள் இந்த வண்டிகளை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். எங்களால் முடியவில்லை.

அந்தக் காலத்தில் கடைகளில் கிடைத்தது நம் அப்பாக்கள் ஓட்டிய அதே கறுப்பு இரும்பு வண்டிதான். 28 இஞ்ச் சக்கரம், பார் பிரேக், ஸ்பிரிங் வைத்த தோல் சீட், பின்னால் கேரியர். இருபது கிலோ எடை. ஏழைகளின் வண்டி என்பதால் அதன் வடிவமைப்பை யாரும் பாராட்டியதில்லை. ஹேண்டில் பார் உயரமாக இருப்பதால் முதுகு நிமிர்கிறது, எடை முழுதும் சீட்டில் இறங்குகிறது, அதைத் தாங்கத்தான் ஸ்பிரிங். முன் ஃபோர்க் நன்றாகச் சாய்ந்து, இரண்டு சக்கரத்துக்கும் இடையே தூரம் அதிகமாக இருப்பதால் குழியில் விழுந்த அதிர்ச்சி கைக்கு வருமுன் பாதி செத்துவிடும். ஃபிரேம் விட்டுப்போனால் எந்தச் சந்தை ஊரிலும் வெல்டிங் பட்டறையில் பற்றவைத்துக்கொள்ளலாம். அலுமினியத்தை அப்படி எல்லோராலும் ஒட்ட முடியாது.

குறையும் உண்டு, மறைக்க வேண்டாம். ஒரே கியர், எதிர்காற்றில் உயிர் போகும். மழையில் நனைந்த இரும்பு ரிம்மில் பார் பிரேக் பிடிக்காது.

இந்த வண்டிக்கு இன்னொரு வரலாறும் இருக்கிறது. குரங்கு பெடல் போட்டுக் கற்றுக்கொண்டதெல்லாம் காலனிக்குள்ளேதான். ஊர்த்தெரு வந்தால் இறங்கி, செருப்பைக் கழற்றி, தள்ளிக்கொண்டு போக வேண்டும். சொந்தக் காசில் வாங்கிய வண்டி, ஏறி உட்கார மட்டும் உரிமை இல்லை. மூத்த தோழர் பதினான்கு வயதில் மேலத்தெருவில் இறங்காமல் போனதற்கு அடி வாங்கியது அவருடைய அப்பா. பழங்கதை என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-இல் செய்த திருத்தம், பொது இடத்தில் பட்டியல் சாதியினர் சைக்கிள் ஓட்டுவதைத் தடுப்பது குற்றம் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. நடக்காததற்கா நாடாளுமன்றம் சட்டம் போடும்?

எனவே நெடுந்தூரத்துக்கு வசதியான வண்டி எது என்று எங்களைக் கேட்டால், முதலில் இரும்பு ஃபிரேம். ஏறி நின்றால் கால் தரையில் பதிகிற அளவு. குள்ளமானவர்கள் 24-ஐ விட்டு 22 இஞ்ச் எடுங்கள். டயர் அகலமாக இருக்கட்டும். ஹேண்டில் பார் சீட்டுக்குக் கீழே போகக் கூடாது. தோல் சீட் பழக இரண்டு வாரம் ஆகும், பொறுத்துக்கொள்ளுங்கள். இளைய தோழர்கள் மூவர் கியர் வைத்த இரும்பு வண்டியும் ரப்பர் பிரேக்கும் கேட்டார்கள், வாங்கிக் கொடுத்தோம். அதில் வறட்டுக் கொள்கை எதுவும் இல்லை.

மூத்த தோழர் மட்டும் பழைய பார் வண்டியை ஓவராயில் செய்து, புது டியூப் போட்டு வைத்திருக்கிறார். பயண வரைபடத்தில் மேலத்தெரு முதல் நாள் காலையிலேயே வருகிறது. அவர்தான் முன்னால் போகிறார்.