பாதிப் பெயரோடு வந்த எண்

டொரண்டோ காலேஜ் வீதியில் உள்ள ஃபீல்ட்ஸ் கணித ஆய்வு நிலையத்தின் மாடத்தில் ஒரு நாற்பரிமாண வடிவத்தின் நிழலுரு தொங்குகிறது. அந்நகரில் வாழ்ந்த வடிவியல் மேதை காக்ஸ்டரைப் போற்றிச் செய்த சிற்பம் அது. அதன் அளவுகளில் ஊடாடும் எண் பொன் விகிதம், 1.618...

பொன் விகிதத்தின் பத்தாம் அடுக்கு 122.9919. இருபதாம் அடுக்கு 15126.99993. அடுக்கு ஏற ஏற விடை முழு எண்ணை ஒட்டிக்கொண்டே போகிறது. காரணம், x² = x + 1 என்ற சமன்பாட்டில் அதனுடன் பிறந்த இன்னொரு தீர்வு, −0.618. இரண்டின் அடுக்குகளையும் கூட்டினால் எப்போதும் முழு எண்தான். சிறியதன் பங்கோ தேய்ந்துகொண்டே போகும்.

தான் ஒன்றைவிடப் பெரிதாகவும், உடன்பிறந்த தீர்வுகள் எல்லாம் அளவில் ஒன்றுக்குள் அடங்கியும் இருக்கும் இத்தகைய எண்களை 1912இல் நார்வேயின் துவேயும், 1919இல் ஹார்டியும் தொட்டுச் சென்றார்கள். 1938இல் பிரான்சின் பிசோ தன் ஆய்வேட்டில் விரித்து எழுதினார். 1940 முதல் தனி வழியில் இதே இடத்துக்கு வந்து சேர்ந்தவர் திருக்கண்ணபுரம் விஜயராகவன். ஆக்ஸ்ஃபோர்டில் ஹார்டியின் மாணவர். டாக்காவில் பணியாற்றி, பின்னாளில் சென்னை இராமானுஜன் கணித நிறுவனத்தின் முதல் இயக்குநரானவர். அவருடைய ஊகம் ஒன்றை 1944இல் கணிதர் சாலெம் நிரூபித்தார்; கட்டுரைத் தலைப்பிலேயே விஜயராகவன் பெயர் இருக்கிறது.

டொரண்டோவில் பிறந்து, அங்கேயே 1966இல் முனைவரான டேவிட் பாய்ட், வான்கூவரில் பேராசிரியரானார். குறித்த இரு எண்களுக்கு நடுவே இருக்கும் இவ்வகை எண்களைத் தேடிப்பிடிக்கும் வழிமுறையை 1978இல் வெளியிட்டார்.

ஆனால் என்னை அதிகம் வியக்கவைப்பது, 1982இல் கணிதர் ரோசி இந்த எண்களை ஓடாக்கிக் காட்டியதுதான். அ என்பதை அஆ என்றும், ஆ என்பதை அஇ என்றும், இ என்பதை அ என்றும் மாற்றிக்கொண்டே போனால் அஆஅஇஅஆஅ... என்று முடிவில்லாத தொடர் கிடைக்கும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு திசை வைத்து முப்பரிமாணத்தில் ஓரடி நடந்தால், பாதை ஒரு நேர்கோட்டை விட்டு அதிகம் விலகாது. இந்த மாற்றத்துக்குரிய சமன்பாட்டில் ஒன்றுக்குள் அடங்கிய உடன்பிறப்புத் தீர்வுகளே அதற்குக் கடிவாளம். அந்தக் கோட்டின் திசையிலேயே பார்த்து, அடி வைத்த இடங்களை ஒரு தளத்தில் பதித்தால் ஓர் ஓடு உருவாகும். எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் அதன் ஓரத்து நெளிவு தீராது. அதற்குள் மூன்று துண்டுகள். பரப்பில் சுமார் 54, 30, 16 விழுக்காடு. ஒவ்வொன்றும் முழு ஓட்டின் சிறிய நகல். இவ்வோடுகளை அடுக்கினால் இடைவெளியும் மேற்படிதலும் இல்லாமல் தளம் முழுவதும் நிரம்பும்.

இதே தன்மையுள்ள எல்லா எழுத்து மாற்ற விதிகளுக்கும் இப்படி நிரம்புமா? இரண்டு எழுத்துக்கு ஆம் என்று நிரூபணம் உண்டு. அதற்கு மேல் பொதுவான நிரூபணம் இன்னும் வரவில்லை.

இந்த எண்களின் முழுப் பெயர் பிசோ–விஜயராகவன் எண்கள். இன்று பெரும்பாலும் பிசோ எண்கள் என்றே எழுதுகிறார்கள். இது நியாயமல்ல. ஸ்கார்பரோவிலும் மார்க்கத்திலும் கணிதம் சொல்லித்தரும் தமிழர்களே, பொன் விகிதம் நடத்தும் நாளில் கால்குலேட்டரில் அதன் அடுக்குகளைப் போட்டுக் காட்டுங்கள். விஜயராகவன் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.