சீசன் டிக்கெட்டும் தண்ணீர் லாரியும்

சென்ற பொதுக்குழுக் கூட்டத்தில் மெயின்டனன்ஸ் உயர்வு பற்றிப் பேச்சு வந்தபோது, பி பிளாக்கிலிருந்து ஒரு தம்பி எழுந்து கேட்டார்: "சிட்டியை விட்டு இவ்ளோ தூரம் தள்ளி வந்ததே செலவு குறையும்னுதானே சார்? அப்புறம் ஏன் மாசக் கடைசியில கையில ஒண்ணும் நிக்க மாட்டேங்குது?" நியாயமான கேள்வி. அன்றைக்கு மணி ஒன்பதரை ஆகிவிட்டதால் தலைவர் கூட்டத்தை முடித்துவிட்டார். பதிலை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் பழைய கதையிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931ல். அப்போது தென்னிந்திய ரயில்வே ஒரு கம்பெனி. சைதாப்பேட்டையைத் தாண்டினால் வயலும் ஏரியும்தான். ஆள் இல்லாத ஊருக்கு எதற்கு ரயில் என்று கேட்கத் தோன்றும். ஆனால் ரயில் வந்த பிறகுதான் ஆட்களே வந்தார்கள். தாம்பரத்தில் காசநோய் மருத்துவமனை 1928லேயே இருந்தது. கிறிஸ்தவக் கல்லூரி 1937ல் ஜார்ஜ் டவுனை விட்டு இங்கே வந்தது. அதன் பின்னால் சம்பளக்காரர்கள் வந்தார்கள். கோட்டையிலும் பாரிமுனையிலும் வேலை, பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரத்தில் வீடு. இரண்டையும் கட்டிப்போட்ட கயிறு சீசன் டிக்கெட்.

எங்கள் அப்பா அந்தக் கயிற்றைப் பிடித்து வந்தவர்களில் ஒருவர். 1968ல் குரோம்பேட்டையில் வாடகைக்குக் குடிவந்தார். மாதா மாதம் வரவு செலவு எழுதும் பழக்கம் அவருக்கு உண்டு. நீளமான, சிவப்பு அட்டை போட்ட நோட்டுகள். அவற்றில் பதினொன்று இன்னும் என்னிடம் இருக்கின்றன. முதல் நோட்டில் ஒவ்வொரு மாதமும் முதல் வரி வாடகை, இரண்டாவது சீசன், மூன்றாவது பால். சீசனுக்கு ஆன செலவு பால் செலவைவிடக் குறைவு. தண்ணீர் என்று ஒரு வரியே கிடையாது. கொல்லையில் கிணறு, கிணற்றில் ராட்டினம், அவ்வளவுதான்.

அந்த வரி 1983ல் வருகிறது. சென்னையே தண்ணீருக்குத் தவித்த வருஷம் அது. 'தண்ணி வண்டி' என்று பென்சிலில் எழுதியிருக்கிறார், நிரந்தரச் செலவாக நினைக்கவில்லை போலும். அடுத்தடுத்த நோட்டுகளில் அது பேனாவுக்கு மாறிவிட்டது.

மழை பொய்த்தது மட்டும் காரணமில்லை. பல்லாவரம், குரோம்பேட்டை வட்டாரம் தோல் பதனிடும் தொழிலால் வளர்ந்தது. குரோம்பேட்டை என்ற பெயரே குரோம் தோலால் வந்ததுதான். அந்தத் தொழில் பலருக்குச் சோறு போட்டது, நிலத்தடி நீரையும் கெடுத்தது. 1996ல் தோல் தொழிற்சாலை மாசு பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் வட ஆர்க்காடு, அன்றைய செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம் உட்பட ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. மாசுபடுத்துபவரே ஈடு கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை நம் நாட்டுச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்பு அது. ஆனால் கெட்டுப்போன கிணற்றுக்காகக் குடித்தனக்காரர் வாங்கிய குடத்துக்கு யாரும் ஈடு தரவில்லை.

ரயில் கதை வேறு மாதிரிப் போனது. 2004 ஜூலையோடு மீட்டர் கேஜ் மின்சார ரயில் நின்று, அகலப் பாதை வந்தது. கட்டணம் மட்டும் பெரிதாக ஏறவில்லை. புறநகர் மாத சீசன் 15 ஒற்றைப் பயணங்களின் கணக்கில்தான் போடப்பட்டு வந்தது. 2014 ஜூனில் அதை 30 பயணமாக்கப் பார்த்தார்கள். மும்பையில் கூச்சல் கிளம்பியதும் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றார்கள். 2025 ஜூலையில் ரயில் கட்டணம் உயர்ந்தபோதும் புறநகர் வண்டியையும் சீசனையும் தொடவில்லை. (அதே வருஷம் ஏப்ரலில் வந்த ஏ.சி. மின்சார ரயிலில் கடற்கரையிலிருந்து செங்கல்பட்டுக்கு 105 ரூபாய் என்றார்கள். மே மாத வெயிலில் ஒருநாள் ஏறினேன். குற்றம் சொல்ல மனம் வரவில்லை.)

ஆக, புறநகர் வாழ்க்கை மலிவு என்று நம்மை அழைத்து வந்த ஒரே பொருள் இன்றைக்கும் மலிவாகத்தான் இருக்கிறது. மற்றதெல்லாம் அதைச் சுற்றி விலை ஏறிவிட்டது. மனை விலை தாம்பரத்தில் ஏற ஏற, மக்கள் வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று தண்டவாளத்தோடு தெற்கே நகர்ந்தார்கள். நானும் 2011ல் அப்படித்தான் இங்கே வந்தேன். அப்பா ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு எட்டு நிமிடத்தில் நடந்துவிடுவார். நமக்கு ஷேர் ஆட்டோ, இல்லாவிட்டால் டூவீலர், அதற்குப் பெட்ரோல், ஸ்டேஷனில் பார்க்கிங். ஸ்டேஷனுக்குப் போய்த் திரும்பும் ஆட்டோக் காசு, பல வீடுகளில் ரயில் சீசனைவிட அதிகம். கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தை 2023 டிசம்பரில் திறந்தபோதுகூட, பக்கத்திலேயே தண்டவாளம் ஓடியும், ரயில் நிலையம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றுதானே விட்டார்கள்?

வாடகைக்கு இருப்பவர்களுக்கு இன்னொன்று. பத்து மாத அட்வான்ஸ் என்பது சென்னை வழக்கம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைதான் வாங்கலாம் என்கிறது. கூடவே, இருவரும் வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கொள்ளாவிட்டால் என்றும் சேர்க்கிறது. அந்த ஒரு வரி போதும், பழைய வழக்கம் தப்பித்துக்கொள்ள. நம் குடியிருப்பிலேயே பார்க்கலாம்.

மறுபடி தண்ணீருக்கு வருகிறேன், ஏனென்றால் மெயின்டனன்ஸ் உயர்வில் பெரும்பகுதி அதுதான். 2015 டிசம்பர் 2ஆம் தேதி காலையோடு முடிந்த ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை. முடிச்சூரில் படகு விட்டார்கள். நாலே வருஷத்தில், 2019 கோடையில், நம் கேட்டில் லாரி வரிசை. ஏரியும் கால்வாயும் இருந்த இடத்தில் மனை போட்டோம். மழைக்காலத்தில் தண்ணீர் பழைய இடத்தைத் தேடி வருகிறது, கோடையில் அதையே நாம் காசு கொடுத்து வாங்குகிறோம். மழைநீர் சேகரிப்பு 2003லேயே கட்டாயமாக்கப்பட்டுவிட்டது. நம் கட்டடத்திலும் ஆறு குழிகள் இருக்கின்றன.

அந்தத் தம்பிக்கு ஒரு வேண்டுகோள். போன ஞாயிற்றுக்கிழமை வாட்ச்மேனை அழைத்துக்கொண்டு ஆறு குழிகளையும் திறந்து பார்த்தேன். இரண்டில்தான் மணல் தெரிகிறது. மூன்றில் சேறு. ஒன்றின் மேல் டைல்ஸ் ஒட்டி கார் நிறுத்துகிறோம், அது என்னுடைய கார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வடகிழக்குப் பருவமழைக்கு முன் தூர்வார மேஸ்திரியிடம் விலை கேட்டிருக்கிறேன். மூன்று லாரித் தண்ணீர் விலைக்குள் முடித்துவிடலாம் என்கிறார். அடுத்த கூட்டத்தில் அதைத் தீர்மானமாகக் கொண்டுவரப் போகிறேன். தம்பி வழிமொழிந்தால் நல்லது. காரை நான் வேறு இடத்தில் நிறுத்திக்கொள்கிறேன்.