இதயச் சுவரில் ஒரு கதவு

தாயின் வயிற்றில் இருந்தபோது உங்கள் இதயத்தின் இரு மேலறைகளுக்கும் இடையே ஒரு துளை இருந்தது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்க மருத்துவர் கேலன் இதனை அறிந்திருந்தார். பிறந்த சில நாட்களில் மெல்லிய சவ்வு ஒன்று அதை அடைத்து ஒட்டிக்கொள்வதையும் எழுதி வைத்தார்.

விந்தை என்னவென்றால், உள்ள துளையைக் கண்ட அதே கேலன் இல்லாத துளைகளையும் நம்பினார். வளர்ந்தவரின் இதயத்தில் கீழறைகளைப் பிரிக்கும் தடித்த சுவரில் நுண்துளைகள் உண்டு, அவற்றின் வழியே இரத்தம் வலமிருந்து இடம் கசிகிறது என்றார். ஐரோப்பிய மருத்துவர்கள் நூற்றாண்டுக் கணக்கில் இதை ஏற்றனர். 1564-இல் இத்தாலியரான போட்டல்லோ மேலறைச் சுவரில் துளையைக் கண்டார். வளர்ந்தவர்களுக்கும் இரத்தத்தின் வழி இதுவே என முடிவு கட்டினார்!

1628-இல் வில்லியம் ஹார்வி கேட்டதோ வேறு கேள்வி. சிசுவுக்கு மட்டும் இந்தக் குறுக்குவழி எதற்கு? அதன் நுரையீரல் இன்னும் வேலை செய்யவில்லை. ஆகவே இரத்தம் அதைச் சுற்றிப் போகிறது. வழி அடைபட்ட பின் அதே இரத்தம் எங்கே போகும்? நுரையீரல் வழியாகத்தான்! பிராணவாயு கண்டுபிடிக்கப்படாத காலத்தில் எத்தனை கூர்மையான வாதம்!

இத்துளை உருவாகும் விதத்தைப் பாருங்கள். கருவின் நான்காம் வாரத்தில் மேலறையின் கூரையிலிருந்து ஒரு மெல்லிய சுவர் கீழ்நோக்கி வளர்கிறது. அது அடியைத் தொடுமுன் அதன் மேற்பகுதியில் ஓர் ஓட்டை விழுகிறது. பின்னர் அதன் வலப்புறம் தடித்த இரண்டாவது சுவர் எழும்பி, முட்டைவடிவ இடைவெளி ஒன்றை விட்டு நிற்கிறது. இப்போது முதற்சுவரின் எஞ்சிய பகுதி ஒருவழிக் கதவாகிவிட்டது. அடிகுழாயைக் கழற்றிப் பார்த்திருக்கிறீர்களா? அதன் தோல்வால்வு போன்றதே இது.

இனி நடப்பது பௌதிகம். சிசுவின் வல மேலறையில் அழுத்தம் அதிகம். கதவு இடப்பக்கம் திறக்கிறது. பிறந்து முதல் மூச்சு இழுத்ததும் நுரையீரலிலிருந்து இரத்தம் பெருகி இட மேலறைக்கு வருகிறது. அங்கே அழுத்தம் உயர, கதவு சாத்திக்கொள்கிறது. ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு அது முழுதும் ஒட்டுவதேயில்லை. போட்டல்லோ கண்டது அத்தகைய இதயமாக இருக்கலாம்.

ஆனால் சுவரே சரிவர வளராமல் ஓட்டை நின்றுவிட்டால் கதவு சாத்த வழியில்லை. 1953 மே 6 அன்று பிலடெல்பியாவில் 18 வயதுப் பெண் ஒருத்திக்கு, இதயம், நுரையீரல் இரண்டின் வேலையையும் ஒரு பொறியிடம் 26 நிமிடம் ஒப்படைத்துவிட்டு, அந்த ஓட்டையைத் தைத்து மூடினார் ஜான் கிப்பன்.