மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியும் முதுவர் வேட்டையறிவும்

பாலக்காட்டின் பறம்பிக்குளம் முதல் இடுக்கியின் மூணாறு வரை விரியும் ஆனைமலைக் காடுகளின் வேட்டை வரலாற்றில் துப்பாக்கியே முதன்மையாகப் பேசப்படுகிறது. ஆயின் அக்கருவியின் குறையே மலைமக்களின் அறிவை இன்றியமையாததாக்கியது எனலாம்.

சென்னைப் படையைச் சேர்ந்த டக்ளஸ் ஹாமில்டன் ஆனைமுடியில் ஏறிய 1862 அளவில், துப்பாக்கிகள் பெரும்பாலும் குழல்வாய் வழியே மருந்து கெட்டிக்கப்பட்டவை. வெடியுப்பு, கரி, கந்தகம் கலந்த கரிமருந்தை அளந்திட்டு, துணியில் பொதிந்த ஈயக்குண்டை வைத்துக் கோலால் இடித்தல் வேண்டும். ஈரத்தில் மருந்து நமுத்துவிடும்; குறி தப்பினால் மீண்டும் கெட்டிப்பதற்குள் கடமான் மறைந்துவிடும். எனவே காற்றின் திசையும் அடிச்சுவடும் அறிந்து நெருங்குதலே மான் வேட்டையின் முதற்பாடம். அதில் வல்லவர், மதுரையிலிருந்து குடிபெயர்ந்தோர் எனத் தம் மரபுரைக்கும் முதுவர் ஆவர்.

1928-இல் தேயிலைத் தோட்டத்தார் மூணாற்றில் அமைத்த வேட்டைவிலங்குப் பாதுகாப்புச் சங்கம் முதுவரையே காவலராக அமர்த்தியது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்பின் வேட்டை படிப்படியாகக் குற்றமாயிற்று. 1975-இல் சரணாலயமாகவும் 1978-இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பெற்ற இரவிகுளத்தின் காவலிலும் முதுவரின் பங்கு தொடர்ந்தது. வேட்டை நூல்களை ஆராய்வோர், சுட்டவரோடு சுவடறிந்தவரையும் அவற்றில் தேடுதல் வேண்டும்.