கண்டிப் பயணத்தில் மடிக்கணினிப் பற்றரி கைவிட்டால்

திரையில் 34 சதவீதம் என்று நிற்கும். அடுத்த கணம் இயந்திரம் சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துபோகும். மடிக்கணினிப் பற்றரியின் ஆயுள் முடியப்போகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி இல்லை. வீட்டில் என்றால் சார்ஜரைச் செருகிவிட்டு வேலையைத் தொடரலாம். கலஹாவிலோ தெல்தோட்டையிலோ ஒரு லயன் வீட்டில் இருந்துகொண்டு, ஒரு தாயின் இரண்டு மணிநேரப் பேச்சைக் கமெராவிலிருந்து கணினிக்கு மாற்றும்போது இப்படி நடந்தால் கதை வேறு.

கண்டிப் பக்கம் நான் அடிக்கடி போவதற்குக் காரணம் உண்டு. 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய்க் குடியேறிய குடும்பங்கள் ஏராளம். 2009இல் அங்கே காணாமல் ஆக்கப்பட்டவர்களின் சித்தப்பாக்களும் பெரியம்மாக்களும் இன்னும் இந்தத் தோட்டங்களில் இருக்கிறார்கள். அவர்கள் சொன்னவைதான் என் கணினியில் இருப்பவை. செய்தியாளர்களுக்கு மட்டுமான விஷயமும் அல்ல இது. காணி உறுதி, முறைப்பாட்டுப் பிரதி, பிள்ளையின் கடைசிப் படம் எல்லாவற்றையும் ஒரே மடிக்கணினியில் வைத்திருக்கும் வீடுகள் எனக்குத் தெரிந்தே பல.

முதலில், 34 சதவீதத்தில் ஏன் அணைகிறது? அந்த எண் அளந்து சொல்வது அல்ல, கணினி போடும் கணிப்பு. லிதியம் அயன் கலம் பழசாகும்போது இரண்டு நடக்கும்: கொள்ளளவு குறையும், உட்தடை கூடும். நீங்கள் வீடியோ ஒன்றைத் திறந்ததும் மின் தேவை எகிற, தடை கூடிய கலத்தின் அழுத்தம் சட்டென்று விழுகிறது. பாதுகாப்புச் சுற்று உடனே துண்டித்துவிடும். குளிரிலும் இந்தத் தடை கூடும். கண்டி நகரம் ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருப்பதால் அங்கே பெரிதாகத் தெரியாது; அங்கிருந்து 1,868 மீற்றர் உயர நுவரெலியாவுக்கு ஏறினால், தளர்ந்த பற்றரி அதிகாலையில் அதைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் கலத்தை நாளாந்தம் கொல்வது வெப்பம்தான். எப்போதும் 100 சதவீதத்தில் செருகியே வைத்திருப்பதும், பஸ்ஸின் வெயில் பக்க யன்னலோரம் பையை வைப்பதும் அதன் ஆயுளைத் தின்னும்.

புறப்படுமுன் பற்றரியின் நிலையை அறிய ஐந்து நிமிடம் போதும். விண்டோஸ் கணினியில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, ஆங்கிலத்தில் 'பவர்' என்ற சொல்லோடு சி, எஃப், ஜி எழுத்துகளை ஒட்டி அடித்து, ஓர் இடைவெளியும் சாய்கோடும் விட்டு, 'பற்றரிரிப்போர்ட்' என்று சேர்த்து எழுதினால் ஓர் அறிக்கை உருவாகும். அதில் வடிவமைப்புக் கொள்ளளவு, இப்போதைய முழுக் கொள்ளளவு என இரண்டு எண்கள் இருக்கும். இரண்டாவது முதலாவதில் பாதிக்கும் கீழே என்றால் அந்தப் பற்றரியை நம்பி மலை ஏறவேண்டாம். அப்பிள் கணினியில் பற்றரி அமைப்புப் பக்கமே அதன் நிலையைச் சொல்லிவிடும்.

மின்சாரமே இல்லாமல் வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் பெரிய சோதனை அல்ல என்று தோன்றலாம். 1990க்குப் பின் யாழ்ப்பாணத்துக்குத் தடைசெய்யப்பட்ட பொருட்களில் டோர்ச் பற்றரியும் ஒன்று. சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் வானொலிச் செய்தி கேட்டார்கள். அந்தத் தலைமுறையிடம் பற்றரியைப் பற்றிப் பேசினால் அரை நாள் போகும். ஆனால் டைனமோ நின்றால் வானொலிதான் நின்றது. இன்று கணினி பாதியில் நின்றால், எழுதிக்கொண்டிருந்த கோப்பும் சிலவேளை வெளிவட்டும் கெட்டுப்போகும்.

அதனால் தளர்ந்த பற்றரியோடு பயணம் செய்யும்போது நான் பிடிக்கும் ஒழுங்கு இது: ஒலிப்பதிவு தொலைபேசியில், குறிப்பு கொப்பியில். கணினி பதிவைப் பிரதிசெய்ய மட்டும், அதுவும் சுவரில் மின் இருக்கும்போது மட்டும். கமெரா அட்டையை இரண்டு இடத்தில் பிரதி எடுக்காமல் அழிப்பதில்லை. கணினியை உறக்கநிலையில் விடாமல் முழுதாக அணைத்துவிடுவேன். உறக்கத்திலும் அது மெல்லமெல்லக் குடிக்கும்.

சுவரில் மின் இருக்குமா என்பதும் கேள்விதான். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணிநேரம் வரை வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9 நாடே இருண்டபோது, பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பாய்ந்ததே காரணம் என்றார் அமைச்சர். அதே ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகளில் கண்டி மாவட்டம் எப்படிச் சிதைந்தது என்பதை மறக்க முடியாது. மின் போனவுடன் சார்ஜரைக் கழற்றுங்கள். திரும்பி வரும்போது வரும் எழுச்சிதான் கெடுதல். பழைய விடுதிகளில் வட்டமுனைச் செருகி, புதியவற்றில் 13 அம்பியர் சதுரமுனை. மாற்றி ஒன்று பையில் இருக்கட்டும்.

லயன் வீட்டில் ஒரேயொரு பிளக்தான் இருக்கும், அதில் வீட்டுப் பிள்ளையின் தொலைபேசி தொங்கும். "செருகிக்கங்க தம்பி" என்று அவர்கள் அதைக் கழற்றிவிடுவார்கள். அந்தப் பில்லை அவர்கள்தான் கட்டுகிறார்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கூடியவரை நான் பவர்பாங்க் கொண்டுபோகிறேன். 20,000 மில்லி அம்பியர்மணி என்று எழுதியிருப்பதை 3.7 வோல்ற்றால் பெருக்கினால் 74 வாற்மணி. இழப்புப் போக 60 அளவில் கிடைக்கும். பல மடிக்கணினிகளுக்கு ஒருமுறை நிரப்ப அது போதும். ஆனால் பவர்பாங்க் 45 அல்லது 65 வாற் கொடுக்கவல்லதாகவும், கணினி சி வகைத் துளையால் சார்ஜ் ஏற்கக்கூடியதாகவும் இருக்கவேண்டும். தொலைபேசிக்கான மலிவுப் பவர்பாங்க் இதற்கு உதவாது.

மாற்றத்தான் வேண்டும் என்றால் கண்டி நகர மையத்தில் கடைகள் உண்டு. பல மாதிரிகளுக்கு "கொழும்பிலருந்து எடுக்கணும், நாளைக்கு வாங்க" என்பார்கள். இங்கேதான் கவனம். பற்றரி மாற்ற உங்கள் கடவுச்சொல் எந்தக் கடைக்கும் தேவையில்லை. அடிமூடியின் திருகாணிகளைக் கழற்றி, இணைப்பை மாற்றிப் பூட்டும் வேலை அது. பெரும்பாலான மாதிரிகளுக்கு அரைமணிநேரம் போதும். கடவுச்சொல் கேட்டால் கொடுக்காதீர்கள். கணினியை இரவில் விட்டுவிட்டு வராதீர்கள். பற்றரி வந்தபின் கொண்டுபோய், முன்னால் இருந்து மாற்றுவியுங்கள். என்னிடம் ஒரு கடையில் "சோதிச்சுப் பார்க்க" என்று கடவுச்சொல் கேட்டார்கள். நானே திறந்து காட்டினேன், அவ்வளவுதான் தேவைப்பட்டது. பிட்லொக்கர் அல்லது பைல்வோல்ட் மூலம் வட்டை முன்கூட்டியே மறைகுறியாக்கி, மீட்புச் சாவியை வேறிடத்தில் எழுதி வையுங்கள். சாட்சி சொன்னவரின் பெயரும் ஊரும் அடுத்தவர் கையில் போனால் நாம் மன்னிப்புக் கேட்டுத் தீராது.

புதுப் பற்றரியில் பகுதி எண்ணும் வோல்ற்றும் பழையதோடு ஒத்துப்போகவேண்டும். 10.8, 11.1 இரண்டும் மூன்று கலப் பற்றரிகள், பிரச்சினை இல்லை, 14.8 நான்கு கலம், அது வேறு. உத்தரவாதத்தோடு பற்றுச்சீட்டும் கேளுங்கள்.

கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வரும் உறவினரிடம் பற்றரி சொல்லிவிடுவது நம் வழக்கம். தனிப் பற்றரியைக் கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும், சரக்குப் பெட்டியில் போடக்கூடாது. 100 வாற்மணிக்குள் என்றால் பொதுவாகத் தனி அனுமதி வேண்டியதில்லை. பலாலி வழி வந்தாலும் கட்டுநாயக்க வழி வந்தாலும் இதே விதிதான்.

தொடுதளம் மேலெழுந்து, மூடி சரியாகப் பொருந்தாமல் இருந்தால் பற்றரி வீங்கிவிட்டது. அதை மீண்டும் சார்ஜ் செய்யாதீர்கள், அமுக்காதீர்கள், குத்திப் பார்க்காதீர்கள், விமானத்தில் ஏற்றவே வேண்டாம். கணினியை அணைத்து, எரியாத தரையில் வைத்து, கடைக்காரரைக் கொண்டு கழற்றுங்கள். கழற்றியதைக் குப்பையில் போடாமல், மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி பெற்ற மின்கழிவு சேகரிப்பாளரிடம் கொடுக்கலாம்.